ஏரியில் இறங்கியபின் வரும் அரிப்பு: நீர்ப்பறவைகளின் ஒட்டுண்ணிகளும் நம் உடல்நலமும்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலிருந்து வருவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "தண்ணீரில் இறங்கி வேலை செய்து வந்தால் காலெல்லாம் தடித்து அரிக்கிறது. பறவைகள் எச்சமிடும் தண்ணீர் அல்லவா? அந்தப் புழு எங்கள் உடம்புக்குள் போய்விடுமா? வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?"

கேட்பவரின் குரலில் அரிப்பைவிட அச்சமே மிகுதியாக இருக்கும். ஆகவே விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். நீர்ப்பறவைகளின் உடலில் வாழும் சில ஒட்டுண்ணிப் புழுக்களின் இளம்பருவம் மனிதத் தோலுக்குள் நுழைந்து அரிப்பை உண்டாக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அவை மனித உடலில் வளர்வதில்லை, தோலுக்குள்ளேயே மடிந்துவிடுகின்றன. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆபத்து பெரும்பாலும் புழுவால் வருவதன்று. சொறிந்த புண்ணின் வழியே வரும் கிருமிகளாலும், வேறொரு கடுமையான நோயை 'வெறும் அரிப்பு' என்று எண்ணிக் காலந்தாழ்த்துவதாலும் வருவது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரியும் அதன் விருந்தினரும்

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கி ஆறும் இதற்கு நன்னீர் கொண்டுவருகின்றன; முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரியின் உப்புத்தன்மை குறைகிறது. கோடையில் கடல்நீரையும் மிஞ்சும் அளவுக்கு உயர்வதும் உண்டு. நோயைப் பற்றிப் பேசும்போது இந்த ஏற்ற இறக்கம் முக்கியமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

மழைக்காலம் தொடங்கியதும் பூநாரைகள், கூழைக்கடாக்கள், பலவகை வாத்துகள், உள்ளான்கள், ஆலாக்கள் என ஆயிரக்கணக்கான பறவைகள் இங்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் பல குளிர்காலத்தைக் கழிக்க நெடுந்தொலைவு கடந்து வருபவை. அதே ஆழமற்ற நீரில்தான் மக்களும் நிற்கிறார்கள். பாடு முறைப்படி வலை கட்டுவோர், படகைத் தள்ளுவோர், சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கும் பெண்கள், நண்டு தேடும் சிறுவர் எனப் பலரும் நாள்தோறும் பல மணி நேரம் முழங்கால் அளவு நீரில் இருக்க வேண்டியிருக்கிறது. பறவைக்கும் மனிதருக்கும் பொதுவான இந்த ஆழமற்ற நீரில் மூன்றாவதாக ஓர் உயிரும் வாழ்கிறது. அது நத்தை.

ஒரு புழு, இரண்டு வீடுகள்

நாம் பேசும் ஒட்டுண்ணி ஒருவகைத் தட்டைப்புழு. வளர்ந்த புழு பறவையின் இரத்தக் குழாய்களுக்குள் வாழ்கிறது. பெரும்பாலான இனங்கள் குடலைச் சுற்றியுள்ள சிறு குழாய்களிலும், சில இனங்கள் மூக்குப் பகுதியிலும் தங்குகின்றன. வாத்துகளில் காணப்படும் இவ்வகைப் புழுக்களுக்கு அறிவியலார் 'டிரைக்கோபில்ஹார்சியா' என்று பெயரிட்டுள்ளனர்.

புழு இடும் முட்டைகள் பறவையின் எச்சத்தோடு நீரில் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய உயிர், தனக்கு ஏற்ற நத்தையைத் தேடி நீந்துகிறது. ஒரு நாளுக்குள் நத்தை கிடைக்காவிட்டால் அது இறந்துவிடும். கிடைத்துவிட்டால் நத்தையின் உடலுக்குள் சில வாரங்கள் பெருகுகிறது. பின்னர் அந்த நத்தையிலிருந்து பிளவுபட்ட வாலுடைய இளம்புழுக்கள் பெருந்தொகையாக வெளியேறுகின்றன. இவற்றுக்குச் 'செர்கேரியா' என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இவற்றைக் கண்ணால் பார்த்து விலகிச் செல்ல இயலாது.

செர்கேரியாவின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். அதற்குள் அது ஒரு பறவையின் தோலைத் துளைத்து உள்ளே சென்றால், வளர்ந்து மீண்டும் முட்டையிடும். ஆக, பறவை ஒரு வீடு. நத்தை மற்றொரு வீடு. இந்த இரண்டுக்கும் இடையே நீரில் நிற்கும் மனிதனின் கால், புழுவுக்கு நேர்ந்த முகவரிப் பிழையே அன்றி வேறில்லை.

மனிதத் தோலில் நடப்பது என்ன?

செர்கேரியா மனிதத் தோலைப் பறவையின் தோல் என்றே எண்ணித் துளைக்கிறது. ஆனால் நம் உடல் அதற்கு உகந்ததன்று. உள்ளே நுழைந்த புழுவை நமது எதிர்ப்பாற்றல் தோலிலேயே தடுத்து அழித்துவிடுகிறது. அந்தப் போரின் விளைவுதான் அரிப்பும் தடிப்பும். இதற்கு 'நீந்துவோர் அரிப்பு' என்றும், மருத்துவ வழக்கில் 'செர்கேரியத் தோல் அழற்சி' என்றும் பெயர்.

நீரிலிருந்து கரையேறிய சில நிமிடங்களிலேயே ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றலாம். சுமார் 12 மணி நேரத்துக்குள் சிறு சிவந்த பருக்கள் எழும்புகின்றன; சிலருக்கு நீர்க்கொப்புளங்களும் உண்டாகும். நீரில் மூழ்கியிருந்த பகுதியில், குறிப்பாக நீர்மட்டம் தொட்ட இடத்தில், இவை காணப்படும். பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். முதன்முறை தொற்றியபோது ஒருவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். அடுத்தடுத்த முறைகளில் உடல் அந்தப் புழுவை அடையாளம் கண்டு கடுமையாக எதிர்க்கும். அரிப்பும் விரைவாகவும் மிகுதியாகவும் வரும். "பத்து ஆண்டுகளாக இதே நீரில்தான் இறங்குகிறேன், இப்போது மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடையாகலாம். ஒரே படகில் சென்ற இருவருள் ஒருவருக்கு மட்டும் தடிப்பு வருவதும் இதனாலேயே.

இந்நோயின் காரணம் மனிதர்க்குத் தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வு செய்த வில்லியம் கோர்ட் என்னும் ஒட்டுண்ணியியலாளர், குளிப்போர்க்கு வரும் அரிப்புக்கு நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்களே காரணம் என்று எடுத்துரைத்தார். 1938இல் மலாயாவின் நெல்வயல்களில் உழைத்தோர்க்கு வந்த அரிப்பு, மாடு, எருமைகளிடம் வாழும் இதே குடும்பத்துப் புழுவால் வந்தது என்று பக்லி என்பவர் கண்டறிந்தார். நம் நாட்டிலும் அசாம் மாநில நெல்வயல்களில் இறங்குவோரின் தோல் அழற்சி இவ்வகையைச் சேர்ந்தது என்று 1994இல் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே இது ஏதோ ஒரு நாட்டின் உல்லாச ஏரிகளில் மட்டும் வரும் நோயன்று. நீரில் நின்று உழைப்போரின் நோயுமாகும்.

'இரத்தக் குழாய்ப் புழு' என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் கலங்குவதுண்டு. ஆப்பிரிக்க நாடுகளில் மனிதரின் இரத்தக் குழாய்களிலேயே வாழ்ந்து சிறுநீர்ப்பை, ஈரல் ஆகியவற்றைக் கெடுக்கும் வேறு இனப் புழுக்கள் உண்டு. இந்தியாவில் மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த கிம்வி என்னும் சிற்றூரில் மட்டும் 1952 அளவில் அத்தகைய நோய் பேசப்பட்டது. பறவைகளின் புழு அதுவன்று. அதற்கெனத் தரப்படும் புழு மாத்திரைகள் இந்த அரிப்புக்குத் தேவையில்லை.

எந்த நீரில், எப்போது?

வாத்துகளின் புழுவுக்கு இடம் தரும் நத்தைகள் பெரும்பாலும் நன்னீரில் வாழ்பவை. உப்பு மிகுந்த நீரில் அவை பிழைப்பதில்லை. எனவே ஏரியின் நடுப்பகுதியைவிட, ஆறு வந்து கலக்கும் இடங்கள், மழைக்குப்பின் நீர் தேங்கும் தாழ்நிலங்கள், ஊர்க்குளங்கள், வாத்து மேயும் நெல்வயல்கள் ஆகியவற்றில் வாய்ப்பு கூடுதல். நீர்ச்செடிகளும் பாசியும் அடர்ந்த, அசைவற்ற, வெயிலில் வெதுவெதுப்பான கரையோர நீர் நத்தைகளுக்கு உகந்தது.

அதற்காக உவர்நீரில் இந்நோய் வரவே வராது என்று கூறுவதற்கில்லை. உவர்நீரிலும் கடலோரச் சேற்றிலும் வாழும் நத்தைகளைப் பயன்படுத்தும் பறவைப் புழு இனங்களும் உலகில் உண்டு. குவைத் வளைகுடாவில், கூம்பு போன்ற நீண்ட ஓடுடைய சேற்று நத்தையிலிருந்து இத்தகைய இளம்புழுக்கள் வெளிவருவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அந்த நத்தை இனம் இந்தியக் கடற்கரையின் சேற்றுப் பரப்புகளிலும் வாழ்வதே. வட அமெரிக்கக் கடற்கரையில் மட்டி தோண்டுவோர்க்கு வரும் அரிப்பும் இவ்வகைதான்.

நாளில் எந்நேரம் என்பதையும் கருத வேண்டும். பல இனங்களில் வெளிச்சம் பட்டபின் காலைப் பொழுதில்தான் நத்தையிலிருந்து இளம்புழுக்கள் மிகுதியாக வெளியேறுகின்றன. அவை நீரின் மேற்பரப்பை ஒட்டி மிதப்பதால் காற்று அவற்றைக் கரைப்பக்கம் ஒதுக்கிவிடும். ஆழத்தில் நீந்துபவரைவிடக் கரையோரம் நெடுநேரம் நிற்பவர்க்கும், அங்கேயே விளையாடும் குழந்தைகளுக்கும் அரிப்பு கூடுதலாக வருவதற்கு இதுவே காரணம்.

இதைப் போலவே தோன்றும் வேறு நோய்கள்

நீரில் இறங்கியபின் வரும் எல்லா அரிப்பும் பறவைப் புழுவால் வருவதன்று. பின்வருவனவற்றையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

சொறிமீன் எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் உடனே கடும் எரிச்சலும் வலியும் உண்டாகும். சாட்டையால் அடித்தது போன்ற கோடுகள் தோன்றும்.

சேற்றுப்புண் கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து ஊறி வெடிப்பதாகத் தொடங்கும். இது பூஞ்சையாலும் ஓயாத ஈரத்தாலும் வருவது.

சிரங்கு விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் மிகுதியாக அரிக்கும். வீட்டில் பலருக்கும் ஒன்றாக வரும். இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றும். ஆகவே குடும்பத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும்.

எலிக்காய்ச்சல் தோல் நோயன்று. எனினும் எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரில், வெடிப்பும் புண்ணுமுள்ள காலோடு நிற்பதால் வருகிறது. மழைக்காலத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் தசைகளில் கடும் வலி, கண் சிவத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் அரிப்பைப் பற்றி மட்டும் கூறி விடைபெற வேண்டாம். நீரில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள். மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றுமுன் மருத்துவம் தொடங்குவது உயிர்காக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

காய்ச்சலோ சீழோ இல்லாத எளிய அரிப்பு என்றால், வீட்டிலேயே ஆற்றிக்கொள்ளலாம். தூய குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அரிக்கும் இடத்தில் ஒற்றியெடுங்கள். கேலமைன் நீர்மத்தைப் பூசலாம். சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தடவுவதும் அரிப்பைத் தணிக்கும். குழந்தைகளின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இரவில் தன்னையறியாமல் சொறிவதே புண்ணுக்கு முதற்காரணம்.

அரிப்பு மிகுதியாயின் ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரையும், குறைந்த வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பும் மருத்துவர் எழுதித் தருவார். அம்மாத்திரைகளுள் சில தூக்கம் வரச் செய்யும். அவற்றை உண்டபின் இரவில் படகில் செல்வதும் இயந்திரம் இயக்குவதும் கூடாது. "இரவில் தொழிலுக்குப் போகிறேன்" என்று முன்கூட்டியே கூறினால் அதற்கேற்ற மருந்தைத் தர இயலும்.

மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புகளைத் தவிர்க்க வேண்டுகிறோம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த இவை அரிப்பை இரண்டொரு நாளில் அடக்குவது போலத் தோன்றும். உண்மையில் இருப்பது படர்தாமரை என்றால் அது மறைவாகப் பரவிப் பின்னர் எளிதில் தீராத நிலையை அடையும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாம்பல் போன்றவற்றைப் பூசுவதும் தோலைப் புண்ணாக்கும்.

நீரிழிவு உள்ளோர்க்கும் ஈரல் நோயுள்ளோர்க்கும் ஒரு தனி எச்சரிக்கை

நல்ல உடல்நிலை உள்ளவர்க்கு ஒரு வாரத் தொல்லையாக முடியும் அரிப்பு, நீரிழிவு உள்ளவர்க்கு வேறு விதமாக முடியலாம். அவர்களது பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சொறிந்த காயமும் மட்டி கிழித்த கீறலும் தெரியாமலே இருக்கும். அதன் வழியே கிருமி நுழைந்தால் கால் சிவந்து வீங்கி, சூடேறி, தோலடி அழற்சியாகப் பரவும். காலந்தாழ்ந்தால் விரலையோ பாதத்தையோ அகற்றும் நிலையும் நேரலாம். ஆகவே நீரிழிவு உள்ளோர் நாள்தோறும் இரவில் விளக்கொளியில் இரு பாதங்களையும் அடிப்புறம் வரை பார்க்க வேண்டும். தம்மால் குனிந்து பார்க்க இயலாவிடில் வீட்டார் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இது குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

வெதுவெதுப்பான உவர்நீரில் இயல்பாகவே வாழும் 'விப்ரியோ வல்நிபிகஸ்' என்னும் ஒரு கிருமியும் உண்டு. இதற்கும் பறவைக்கும் தொடர்பில்லை. புண்ணின் வழியாகவோ, வேகாத சிப்பி உணவின் வழியாகவோ இது உடலில் புகும். ஈரல் நோயுள்ளோர், நெடுங்காலம் மது அருந்தியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோரிடம் இது சில மணி நேரத்திலேயே பரவக்கூடியது. புண்ணைச் சுற்றிய சிவப்பு வேகமாகப் பரவுதல், தோற்றத்தைவிடப் பன்மடங்கு கடுமையான வலி, கருநீல நிறக் கொப்புளங்கள், காய்ச்சல், தலைசுற்றல் ஆகியவை இதன் அடையாளங்கள். விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலை இது.

உண்ணும் மீனும் குடிக்கும் நீரும்

பறவைகளின் ஒட்டுண்ணிகள் தோலின் வழியே மட்டுமன்றி உணவின் வழியாகவும் மனிதரை அடையக்கூடும். மீனுண்ணும் பறவைகள், பூனை, நாய் ஆகியவற்றின் குடலில் வாழும் மிகச் சிறிய தட்டைப்புழுக்கள் சில உண்டு. அவற்றின் முட்டை நத்தைக்குள் சென்று, நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழு மீனின் தசையில் கூடுகட்டித் தங்கும். அந்த மீனை வேகாமல் உண்டால் மனிதக் குடலிலும் அவை வளரும். வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். எகிப்தின் நைல் கழிமுகத்திலுள்ள மன்சாலா என்னும் உவர்நீர் ஏரிப் பகுதியில் மடவை மீனை உப்பிலிட்டு, வேகவைக்காமல் உண்ணும் வழக்கம் உண்டு. அங்கே இந்நோய் நன்கு அறியப்பட்டது.

மடவை நம் ஏரியிலும் பிடிபடும் மீன். ஆயினும் நாம் அதைக் குழம்பாகக் கொதிக்கவைத்தோ நன்றாகப் பொரித்தோ உண்கிறோம். மீனின் உட்பகுதி 63 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்தாலே இப்புழுக்கள் மடிந்துவிடும். கொதிக்கும் குழம்பு அதைக் காட்டிலும் மிகச் சூடானது. எனவே நம் சமையல் முறையே நமக்குக் காவல். தடித்த துண்டுகளின் நடுப்பகுதி வெந்திருக்கிறதா, முள்ளை ஒட்டிய சதை எளிதில் பிரிகிறதா என்று பார்த்தால் போதும். உப்பு மட்டும் புழுவைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். கருவாட்டையும் நன்கு வேகவைத்தே உண்ணுங்கள். பச்சை மீன் அறுத்த கத்தியையும் பலகையையும் கழுவியபின்பே மற்ற உணவுக்குப் பயன்படுத்த வேண்டும். மீன் கழிவைப் பூனைக்கும் நாய்க்கும் பச்சையாகப் போடுவது புழுவின் சுழற்சிக்கு நாமே துணைபோவதாகும்.

குடிநீரைப் பொறுத்தவரை 'கிரிப்டோஸ்போரிடியம்' என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. மனிதர், கன்றுகள் முதலிய பல உயிர்களின் கழிவிலிருந்து இது வருகிறது. நீர்ப்பறவைகள் தாம் நோயுறாமலே இதை எச்சத்தின் வழி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லக்கூடும் என்பதை, அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பகுதியில் காட்டு வாத்தினப் பறவைகளிடம் செய்த ஆய்வு 1998இல் காட்டியது. இதன் கடினமான உறையைக் குளோரின் எளிதில் அழிப்பதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் இது கலந்தபோது ஏறத்தாழ 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர்.

உடல்நலம் உள்ளவர்க்கு இது ஓரிரு வாரங்களில் அடங்கும். புற்றுநோய் மருத்துவம் பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர், கைக்குழந்தைகள் ஆகியோர்க்கு நீடித்து உடலை உருக்கிவிடும். இவர்கள் இருக்கும் வீட்டில் கிணற்று நீராயினும் குழாய் நீராயினும் நன்கு தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி வைத்துப் பருகத் தர வேண்டும்.

தொழிலை விடாமல் தற்காத்துக்கொள்ளுதல்

ஏரியில் இறங்காதீர்கள் என்று கூறுவது எளிது; அதைக் கேட்டால் அடுப்பு எரியாது என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே செய்யக்கூடியவற்றை மட்டும் கூறுகிறோம்.

கரையேறியவுடன் உலர்ந்த துணியால் கால்களையும் கைகளையும் அழுத்தித் துடையுங்கள். தோலின்மேல் உள்ள நீர் காயும்போதும் புழு துளைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே காற்றில் உலரவிடுவது தவறு. இதற்கென ஒரு துணியைப் படகிலேயே வைத்திருங்கள். பின்னர் நல்ல நீரில் கழுவி உடையை மாற்றுங்கள்.

இயன்றபோது இறுக்கமான முழுக்கால் உடையும், அடிப்பாகம் மூடிய காலணியும் அணிந்து இறங்குங்கள். கீறல், வெடிப்பு, புண் இருந்தால் நீர் புகாத ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். காயத்தோடு தொழில் செய்வோர் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக் காலம் ஆகிவிட்டதா என்று எங்களிடம் கேட்டறியலாம்.

குழந்தைகளைப் பாசி படர்ந்த, நத்தைகள் மிகுந்த தேங்கிய நீரில் விளையாட விடாதீர்கள். ஓரிடத்தில் பலருக்கும் ஒரே வாரத்தில் அரிப்பு வந்தால், அந்த இடத்தைச் சில நாட்கள் தவிர்ப்பதோடு, ஊர் சுகாதாரச் செவிலியரிடமும் தெரிவியுங்கள்.

வீட்டில் வாத்து வளர்ப்போர் அவற்றைக் குளிக்கும் குளத்தில் விடாதிருப்பது நல்லது. இறந்து கிடக்கும் காட்டுப் பறவைகளை வெறுங்கையால் தொட வேண்டாம்; பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ உடனே செய்தி சொல்லுங்கள். அது ஒட்டுண்ணியால் அன்றிப் பறவைக் காய்ச்சலாலும் இருக்கலாம்.

பறவைகளைப் பழிக்க வேண்டாம்

இவ்வளவும் படித்தபின், பறவைகளை விரட்டினால் நோய் தீருமே என்று சிலர்க்குத் தோன்றலாம். தீராது. மலாயாவின் நெல்வயலில் கண்டதுபோல் மாடுகளும் இவ்வகைப் புழுவைச் சுமக்கின்றன. எலிக்காய்ச்சலும் சேற்றுப்புண்ணும் பறவையால் வருவனவல்ல. நத்தைகளை அழிக்கச் செம்புக் கலவை போன்ற நஞ்சைத் தெளித்தால் மீன்குஞ்சும் இறாலும் சேர்ந்தே மடியும். பறவை வருகிறது என்றால் ஏரியில் மீனும் புழுபூச்சியும் இன்னும் இருக்கின்றன என்று பொருள். பறவை வராத ஏரி மீனவர்க்கும் சோறு போடாது.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அடையாளங்கள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வண்டி கிடைக்காவிடில் 108ஐ அழையுங்கள்.

- அரிப்போடு காய்ச்சல், குளிர்நடுக்கம்
- சிவப்பும் வீக்கமும் மணிக்கு மணி பரவுதல். தாங்க இயலாத வலி
- கருநீலக் கொப்புளம், சீழ், துர்நாற்றம்
- கெண்டைக்கால் வலியுடன் காய்ச்சல், கண் சிவத்தல், மஞ்சள் நிறம், சிறுநீர் குறைதல்
- மூச்சுத் திணறல், முகம் அல்லது உதடு வீங்குதல்
- நீரிழிவு, ஈரல் நோய் உள்ளவரின் காலில் எந்தப் புண்ணாயினும்

ஒரு வாரம் கடந்தும் அடங்காத அரிப்புக்கும் மருத்துவரைக் காணுங்கள். வரும்போது நான்கு செய்திகளை நினைவில் கொண்டு வாருங்கள்: எந்த இடத்து நீரில் இறங்கினீர்கள், எத்தனை நேரம் நின்றீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து அரிப்பு தொடங்கிற்று, உடன் வந்தவர்க்கும் இருக்கிறதா. இந்த நான்கும் பல நேரங்களில் பரிசோதனைகளைவிட விரைவாக நோயின் காரணத்தைக் காட்டிவிடும்.

கால் தடித்துவிட்டது என்று அஞ்சி வருவோரைக் காட்டிலும், கால் வீங்கியும் "ஏரித் தண்ணீர் அரிப்புதான்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவோரைப் பற்றியே எங்கள் கவலை பெரிது. அரிப்பு அடங்கும், அதற்கு அஞ்ச வேண்டாம். அது அடங்காமல் மேலே ஏறும்போது எங்களிடம் வரத் தயங்கவும் வேண்டாம்.